அரை மைல் உயரத்தில் ஓர் அத்தான்

நாஞ்சில் நாட்டுக்காரங்களுக்கு உயரம் என்றால் அளவுகோல் இரண்டே இரண்டுதான். ஒன்று, சுசீந்திரம் தாணுமாலயன் கோவில் கோபுரம். 134 அடி. இன்னொன்று, 2000-ம் வருஷம் ஜனவரி ஒண்ணாம் தேதி கன்னியாகுமரி கடலுக்குள் திறந்து வைத்த வள்ளுவர். பீடத்தோடு சேர்த்து 133 அடி. அதிகாரத்துக்கு ஓர் அடி. ஒரே ஒரு அடியில் கோபுரம் ஜெயிக்கிறது என்பதில் சுசீந்திரத்துக்காரங்களுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள். (நான் சொல்லிட்டேன்.)

மெட்ராஸ் போய் வந்தவர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பார்கள். மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம். 1959-ல் திறந்தபோது 177 அடி. இந்தியாவிலேயே அதுதான் உசத்தி. பழைய படங்களில் கிராமத்துக் கதாநாயகன் பெட்டியும் கையுமாக வந்து இறங்கினதும் அண்ணாந்து பார்ப்பானே, அதேதான். பட்டம் என்னவோ இரண்டே வருஷம்தான் நிலைத்தது. பம்பாய்க்காரன் பறித்துக்கொண்டான்.

எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நாலாவதாக ஓர் அளவுகோல் உண்டு. துபாய் புர்ஜ் கலீஃபா. 828 மீட்டர். நம்ம கணக்கில் 2,717 அடி. அரை மைலுக்கும் கொஞ்சம் மேலே. இருபது வள்ளுவர் சிலையை ஒன்றின் தலைமேல் ஒன்றாக நிறுத்தினாலும் இன்னும் 57 அடி பாக்கி இருக்கும். பி.காம். படித்தவனுக்கு இந்தமாதிரி கணக்கெல்லாம் தூக்கத்தில்கூட வரும். உபயோகமான கணக்குதான் வராது.

துபாய் கட்டடம் எங்கள் குடும்பக் கணக்கில் எப்படி வந்தது என்றால், என் அத்தான் வழியாக. அக்கா வீட்டுக்காரர். 2005-ல் போய் 2009-ல் திரும்பி வந்தார். கம்பி கட்டுகிற வேலை.

கல்யாண வீடுகளில் அப்பா அவரை அறிமுகப்படுத்துகிற விதமே தனி. "உலகத்துலயே உசரமான கட்டடத்தைக் கெட்டுனது யாருன்னு நெனச்சிய? நம்ம மாப்பிள்ளையாக்கும்!" கேட்டவர் வாயைப் பிளந்து, "அவ்வளவு உசரத்துல நின்னா மேகம் கீழ தெரியுமாமே?" என்பார். அத்தான் இலையில் இருக்கிற எரிசேரியையே பார்த்துக்கொண்டு, "தெரியும்னு சொன்னாவ" என்பார். அவ்வளவுதான். 'சொன்னாவ' என்கிற அந்த வார்த்தையை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. நானும் பத்து வருஷம் கவனிக்கவில்லை.

ஒருநாள் தனியாக மாட்டினபோது கேட்டேன். "அத்தான், நீங்க எத்தனாவது மாடி வரைக்கும் போயிருக்கீய?"

"ஏழு."

"நூத்தி ஏழா?"

"ஏழு மாப்ளே. ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுவோம்லா, அந்த ஏழு."

விஷயம் இதுதான். அந்தக் கட்டடம் 163 மாடி. வேலை சூடு பிடித்த சமயத்தில் மூன்று நாளைக்கு ஒரு மாடி வீதம் ஏறியது. எங்க தெருவில் ஒரு காம்பவுண்டுச் சுவருக்கு மூன்று மாசம் ஆகிறது, அது வேறு. அந்த வேகத்தில் மேலே ஆளை ஏற்றி, காற்றில் நின்றுகொண்டு ஒவ்வொரு கம்பியாக வளைத்துக் கட்டினால் நடக்குமா? அதனால் சுவருக்கான கம்பிகளைத் தரையிலேயே கூடு கூடாகக் கட்டிவிடுவார்கள். இரண்டு ஆள் உயரம் இல்லை, இரண்டு மாடி உயரக் கூடு! கிரேன் அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மேலே இறக்கும். அங்கே சென்ட்ரிங் பலகையும் தானாகவே ஏறுகிற ஜாதி. ஒரு மாடி இறுகினதும் ஜாக்கியை உன்னிக்கொண்டு அடுத்த மாடிக்கு நகர்ந்துவிடும். பிரிப்பது, சுமப்பது, மறுபடி அடிப்பது எல்லாம் கிடையாது.

"நான் கெட்டுன கூடு நூறாவது மாடிக்குப் போயிருக்கும். நான் கீழ நின்னு பாத்தேன். தீப்பெட்டி கணக்கா சிறுசாயிட்டே போவும். பொறவு தெரியாது. அடுத்த கூட்டுக்குக் குனிய வேண்டியதுதான்" என்றார் அத்தான்.

அவருக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. எனக்குத்தான் அப்பாவின் கல்யாண வீட்டு வசனம் ஞாபகத்துக்கு வந்து ஒரு மாதிரியாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை அத்தானிடம் சொல்லுவேன். அவர் அதை நம்ம ஊர்ப் பாஷையில் மாற்றிச் சொல்லுவார்.

முதலில் காற்று. இவ்வளவு உயரக் கட்டடத்துக்குத் தன் கனம் பெரிய எதிரி இல்லை. காற்றுதான். எங்க ஊர்க்காரனுக்குக் காற்றைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாசம் ஸ்கூட்டர் ஓட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்?

காற்று நேரே வந்து மோதித் தள்ளுவதுகூடப் பரவாயில்லை. கட்டடத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து போகிறபோது இடது பக்கம் ஒரு சுழல், வலது பக்கம் ஒரு சுழல் என்று மாற்றி மாற்றி விடுகிறது. கட்டடம் பக்கவாட்டில் ஆடும். ஊஞ்சலில் குழந்தையை உட்கார வைத்துச் சரியான நேரத்துக்கு ஒற்றை விரலால் தொட்டால் போதும், எவ்வளவு உயரம் போகிறது! அதே மாதிரி காற்றின் தாளமும் கட்டடத்தின் தாளமும் ஒத்துப் போய்விட்டால் தீர்ந்தது கதை.

இதற்கு வழி கண்டவர்கள் சிகாகோவின் எஸ்.ஓ.எம். கம்பெனிக்காரர்கள். கட்டடக் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பில் பேக்கர். அதே கம்பெனியில்தான் முன்பு டாக்காவில் இன்ஜினியரிங் படித்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் இருந்தார். சிகாகோவின் சியர்ஸ் டவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர். ஒன்பது குழாய்களை ஒரே கட்டாகக் கட்டினமாதிரி எழுப்பின 442 மீட்டர் கட்டடம் அது. எழுபதுகளில் ஆரம்பித்து இருபது வருஷத்துக்கும் மேல் உலக சாம்பியன். 'நம்ம பக்கத்து ஆள்' என்று நான் இதைச் சொன்னபோது அத்தான், "டாக்கா எப்பிடிலே நம்ம பக்கம்?" என்றார். துபாய் கேம்பில் இருந்தவருக்கு யார் எந்தப் பக்கம் என்பது என்னைவிட நன்றாகத் தெரியும்.

துபாய் கட்டடத்தை மேலிருந்து பார்த்தால் மூன்று இதழ் மாதிரி இருக்கும். நடுவில் ஆறு பக்கமுள்ள ஒரு தண்டு. அதிலிருந்து மூன்று இறக்கை. தண்டு முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. ஓர் இறக்கை காற்றில் அசையப் பார்த்தால் மற்ற இரண்டும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. இதை நான் காகிதத்தில் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் பாதியிலேயே, "முட்டு!" என்றார்.

"என்ன அத்தான்?"

"ஏத்தன் வாழை குலை தள்ளினா முட்டுக் கொடுக்க மாட்டோமா? மூணு பக்கம் கொடுத்தா எந்தக் காத்துக்கும் அசையாது. அதுதான் மாப்ளே இது."

அதேதான். அந்த இன்ஜினியர்கள் வைத்த ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் 'முட்டுக் கொடுத்த நடுத்தண்டு' என்றுதான் வரும். தோவாளைப் பக்கம் எந்த வாழைத் தோப்புக்காரரைக் கேட்டிருந்தாலும் பீஸ் வாங்காமல் சொல்லியிருப்பார். (828 மீட்டருக்குச் சொல்லியிருப்பாரா என்று கேட்காதீர்கள்.)

இன்னொரு தந்திரம், மூன்று இறக்கைகளும் ஒரே சமயத்தில் குறுகுவதில்லை. மேலே போகப் போக ஒன்று மாற்றி ஒன்று, சுருள் படிக்கட்டு மாதிரி, மொத்தம் 27 இடத்தில் உள்வாங்குகிறது. ஒவ்வொரு உயரத்திலும் கட்டடத்தின் உருவம் வேறு. அதனால் காற்று ஒரே தாளத்தில் சுழல் விட முடியாமல் மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி என்று குழம்பிப் போகிறது. மாமியார் ஒருத்தியாக இருந்தால் சமாளிக்கலாம், மாடிக்கு ஒருத்தி என்றால் காற்றுதான் என்ன செய்யும்? சின்ன மாதிரி செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்து நாற்பது தடவைக்குமேல் ஊதிப் பார்த்துத்தான் இந்த உருவத்துக்கு வந்தார்கள்.

காற்றுக்கு வழி கண்டாயிற்று. காலுக்கு? துபாயில் தோண்டினால் நம்ம மருத்துவாழ்மலை மாதிரி கெட்டிப் பாறை எல்லாம் கிடைக்காது. மணலும், கையால் உடைக்கிற மாதிரியான மெதுப் பாறையும்தான். அதில் ஒன்றரை மீட்டர் அகலத்தில், 43 மீட்டர் நீளத்தில் 192 கான்கிரீட் தூண்களை இறக்கினார்கள். அவை அடியில் எதையும் தொட்டு நிற்கவில்லை. வயலில் மாடு கட்ட முளை அடிக்கிறோமே, முளை என்ன பாறையைத் தொட்டா நிற்கிறது? சுற்றியிருக்கிற மண் இறுக்கிப் பிடிக்கிற பிடிதான். அந்தத் தூண்களின் தலைமேல் 3.7 மீட்டர் கனத்தில், அதாவது 12 அடிக்கு, ஒரு கான்கிரீட் மெத்தை. எங்க வீட்டு ஹாலின் உயரமே பத்தடிதான் ஐயா!

இங்கே ஒரு வில்லன் உண்டு. அந்த மண்ணுக்கடியில் இருக்கிற தண்ணீர், கடல் தண்ணீரைவிட உப்பு. கம்பியைத் தின்றுவிடும். அதனால் தண்ணீர் உள்ளே புகாத நெருக்கமான கான்கிரீட், மேலே பூச்சு, அதற்கும் மேலாக மெத்தைக்கு அடியில் டைட்டானியம் வலை விரித்து, துரு வராமலிருக்கக் கொஞ்சமாக மின்சாரம் பாய்ச்சுகிற ஏற்பாடு வேறு. துரு என்கிற வார்த்தையைக் கேட்டதும் அத்தான் பேச்சை மாற்றிவிட்டார். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

அத்தான் விரும்பிப் பேசுவது ராத்திரிக் கான்கிரீட்டைப் பற்றித்தான். துபாய்க் கோடையில் பகலில் கான்கிரீட் போட்டால் சூட்டில் சட்டென்று இறுகி வெடிப்பு விட்டுவிடும். அதனால் போடுவது ராத்திரியில். ராத்திரியிலும் சூடு தணியாதே? கலக்குகிற தண்ணீருக்குப் பதிலாகப் பாதி ஐஸ்! "நம்ம ஊர்ல நன்னாரி சர்பத்துக்கு ஐஸ் கேட்டா ஒரு துண்டு போடுகதுக்கு யோசிப்பான். அங்க காங்கிரீட்டுக்கு ஐஸ் போடுகானுவ மாப்ளே" என்று அவர் சொல்லும்போது முகத்தில் இப்போதும் ஆச்சரியம் இருக்கும். ஆளுக்கு எப்போது ஐஸ் போட்டார்கள் என்று கேட்டேன். 2005-லிருந்து கோடை மாசங்களில் நடு மத்தியானம் வெளிவேலை கூடாது என்று அந்த நாட்டு அரசாங்கம் சட்டம் போட்டதாம். "அந்த நேரத்துல நெழல் தேடிப் படுப்போம். படுத்தா தூக்கம் வராது. வீட்டு ஞாபகம் வரும்."

மொத்தம் 3,30,000 கன மீட்டர் கான்கிரீட். அதைப் பக்கெட்டில் தூக்கினால் யுகம் ஆகும். பம்ப் வைத்துக் குழாயில் ஏற்றினார்கள். 2008-ல் 606 மீட்டர் உயரம் வரை ஒரே தள்ளாகத் தள்ளினது அன்றைக்கு உலக சாதனை. குழாயில் ஏறுகிற அளவுக்கு இளக்கமாகவும் இருக்க வேண்டும். பாதி வழியில் இறுகியும் போகக்கூடாது. மேலே போய்ச் சேர்ந்ததும் கல்லாகவும் ஆக வேண்டும். பாயசமும் வேண்டும், அதுவே இலையில் விழுந்ததும் மைசூர்பாகாகவும் வேண்டும் என்கிற கேஸ்.

அதற்கும் மேலே முழுக்க இரும்பு. உச்சியில் இருக்கிற ஊசியை வெளியே இருந்து ஏற்றவில்லை. கட்டடத்துக்கு உள்ளேயே துண்டு துண்டாகச் சேர்த்து, ஹைட்ராலிக் ஜாக்கியால் உள்ளிருந்து மேலே தள்ளினார்கள். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஏரியல் மாதிரி. 200 மீட்டருக்குமேல் நீளம், 4,000 டன்னுக்குமேல் இரும்பு. இதற்கு ஓர் அண்ணன் உண்டு. 1929-ல் நியூயார்க்கில் கிரைஸ்லர் கட்டடக்காரர்கள், போட்டிக் கட்டடத்துக்குத் தெரியாமல், 185 அடி ஊசியைக் கூரைக்குள்ளேயே ஒளித்து வைத்துச் சேர்த்து, திடீரென்று ஒருநாள் வெளியே தள்ளி ஜெயித்துவிட்டார்கள். துபாய்க்காரர்களும் அதே குசும்புதான். கடைசி நாள்வரை முழு உயரம் எவ்வளவு என்று வாயைத் திறக்கவில்லை. 2010 ஜனவரி 4-ம் தேதி திறப்பு விழாவில்தான் 828 என்று சொன்னார்கள்.

அன்றைக்கு இன்னொரு ஆச்சரியமும் வைத்திருந்தார்கள். அதுவரை எல்லாரும் புர்ஜ் துபாய் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திறந்த அன்றைக்குப் பெயர் புர்ஜ் கலீஃபா. கலீஃபா என்பவர் அப்போது அபுதாபியின் ஆட்சியாளர், அந்த நாட்டின் ஜனாதிபதி. அதற்கு முந்தின மாசம்தான் துபாய் கடனில் மாட்டித் தத்தளித்தபோது அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்திருந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பேசியவர்கள் நிறைய. பி.காம். மூளைக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கடன் கொடுத்தவன் பெயரைத்தான் வீட்டுக்கு வைக்க வேண்டுமென்றால் எங்க ஊரில் பாதி வீட்டு வாசலில் 'தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம்' என்று எழுத வேண்டியிருக்கும். மீதி வீட்டில் தங்கநகைக் கடன் கம்பெனி.

அத்தான் வீட்டுக்கும் கடன் சரித்திரம் உண்டு. ஏஜென்டுக்குக் கொடுத்தது 80,000 ரூபாய். அக்காவின் நகை அடகு. ஊரில் ஏஜென்ட் சொன்ன சம்பளம் ஒன்று, போய் இறங்கினபிறகு கைக்கு வந்தது ஒன்று. முதல் 14 மாசச் சம்பளம் வட்டிக்கும் முதலுக்கும் போயிற்று. 2006 மார்ச்சில் அந்தக் கட்டட வேலையிடத்தில், கேம்புக்குப் போகிற பஸ் தாமதமானதில் பற்றிக்கொண்டு, சுமார் 2,500 தொழிலாளர்கள் கலவரத்தில் இறங்கினதாகப் பேப்பர்களில் செய்தி வந்தது. நுணுக்கமான வேலை தெரிந்த தச்சருக்கே நாளுக்கு ஏழரை டாலர் சொச்சம்தான் கூலி என்றும் அப்போது எழுதினார்கள். அத்தானிடம் கேட்டேன். "நான் நைட் ஷிப்ட். தூங்கிட்டு இருந்தேன்" என்றார். நிஜமாகத் தூங்கினாரா, தூங்கினதாகச் சொல்லிப் பழகிவிட்டாரா, தெரியவில்லை. அக்கா பக்கத்தில் இருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

நாலு வருஷத்தில் சேர்த்ததை வைத்துச் சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் அஞ்சு செண்டில் வீடு போட்டார். கீழ்த்தளம் மட்டும். மேலே மாடி எடுப்பதற்காக மட்டுப்பாவில் எட்டுத் தூணுக்கும் கம்பியை மூன்றடி நீட்டி விட்டிருக்கிறார். அது 2010. இன்றைக்கும் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. எங்க மாவட்டத்துக்கு வருஷத்துக்கு ரெண்டு மழை, தென்மேற்கும் வடகிழக்கும்.  இங்கே கம்பி அரித்து அரித்து இளைத்துவிட்டது. அத்தான் ஒவ்வொரு வருஷமும் வைகாசியில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சிமென்ட் பால் அடிப்பார். அக்கா அந்தக் கம்பிகளில் கயிறு கட்டித் துணி காயப் போடுவாள்.

துபாய்க் கட்டடத்தின் திறப்பு விழாவை டி.வி.யில் நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் பார்த்தோம். வாணவேடிக்கை, வெளிச்சம், கண்ணாடி. "உங்க கம்பி எங்க அத்தான்?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "கம்பிக்காரன் வேலை வெளிய தெரியப்படாது மாப்ளே. தெரிஞ்சா கொத்தனார் தப்பு விட்டிருக்கான்னு அர்த்தம்."

இடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். நாள் முழுக்கக் குனிந்து, கையில் கொக்கி, வாயில் கட்டுக்கம்பி. அக்கவுன்டன்சியில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. நேர்கோட்டு முறையில் மிஷின் வருஷா வருஷம் ஒரே அளவு தேயும். குறைந்துசெல் மதிப்பு முறையில் முதலில் நிறையத் தேய்ந்து, பிறகு குறையும். அத்தானின் இடுப்பு எந்த முறைக்கும் அடங்கவில்லை. நாலு வருஷம் சும்மா இருந்துவிட்டு, ஊருக்கு வந்து ஆறாவது மாசம் மொத்தத் தேய்மானத்தையும் ஒரே பதிவாகக் காட்டிவிட்டது. அதன் பிறகு அவர் கம்பி கட்டப் போகவில்லை. சைக்கிள் கடை வைத்தார், அப்புறம் மளிகை.

இப்போது விஷயம் மருமகனிடம் வந்து நிற்கிறது. அக்கா மகன். பாலிடெக்னிக்கில் சிவில் முடித்திருக்கிறான். சவூதியில் ஜெத்தாவில் ஒரு கிலோமீட்டருக்குமேல் உயரத்தில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதுவும் ஏட்ரியன் ஸ்மித் போட்ட டிசைன்தான். 2013-ல் ஆரம்பித்து, நடுவில் நின்று கிடந்து, 2025 ஜனவரியில் மறுபடி வேலையைத் தொடங்கினார்கள். அங்கே சைட் சூப்பர்வைசர் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஓர் ஏஜென்ட் ஒன்றே முக்கால் லட்சம் கேட்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மட்டுப்பாவில் அந்த எட்டுத் தூண் கம்பிக்கு நடுவில் பாய் விரித்துப் பஞ்சாயத்து. அக்கா, "வேண்டாம்" என்று ஒரே வார்த்தை. மருமகன் போனில் அந்தக் கட்டடத்தின் படத்தைக் காட்டினான். அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். படத்தைப் பெரிசாக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். தரையில் கம்பி கட்டுகிற இடத்தைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"ராத்திரிதானா காங்கிரீட்டு?" என்றார்.

"தெரியலப்பா. நான் சூப்பர்வைசர். மேல எல்லாம் போவேன். உச்சி வரைக்கும் போவேன்" என்றான் பையன்.

அத்தான் போனைத் திருப்பிக் கொடுத்தார். அக்கா காய்ந்த துணிகளைக் கம்பியிலிருந்து எடுத்துக்கொண்டு கீழே போனாள். போகிற போக்கில், "மாமாகிட்ட கேளு, அவன்தான் கணக்குப் படிச்சவன்" என்று என் தலையில் போட்டுவிட்டாள்.

மளிகைக் கடை பில் புக்கின் பின்பக்கத்தில் கோடு கிழித்தேன். இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு. செலவில் முதல் வரி, ஏஜென்ட், 1,75,000. எழுதிவிட்டு அத்தானைப் பார்த்தேன்.

"தேய்மானத்தையும் சேத்துக்க மாப்ளே. இந்த மட்டம் மொதல்லயே எழுதிரு."